ஜாக்கெட் அளவு வேறு, பிரா அளவு வேறு

கேள்வி: எனக்கு 37 வயது. பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் அம்மா. தையல்காரர் நோட்டில் என் மார்பு அளவு 37 என்று இருக்கிறது. கடையில் ஒற்றைப்படை அளவு கிடைக்காது என்பதால் பல வருடமாக 38பி பிராதான் வாங்குகிறேன். முன்பக்கம் சரியாகவே இருக்கிறது. ஆனால் போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் முதுகுப் பட்டி மேலே ஏறிவிடுகிறது. ஸ்ட்ராப் நழுவுகிறது. அதை இறுக்கி இறுக்கித் தோளில் குழி விழுந்து கறுத்துவிட்டது. சாயங்காலம் கழுத்தும் தோளும் வலிக்கின்றன. கோடையில் மார்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணாகிறது. சின்ன அளவு போடலாமா என்று கேட்டால், இறுக்கிப் போட்டால் கட்டி வரும் என்கிறார் அம்மா. எங்கள் ஊர்க் கடையில் ஆண்கள்தான் எடுத்துத் தருகிறார்கள், போட்டுப் பார்க்கவும் இடமில்லை. 12 வயது மகளுக்கும் முதல்முறையாக வாங்க வேண்டும். சரியான அளவைக் கண்டுபிடிப்பது எப்படி? டேப் வைத்து அளந்து பார்த்தேன். மார்பில் 94 செ.மீ., மார்புக்குக் கீழே 75 செ.மீ. வருகிறது.

— தென்காசி மாவட்ட வாசகி ஒருவர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, 94, 75 என்று இரண்டு எண்கள், உங்கள் கேள்விக்கு முக்கால்வாசி விடை அதிலேயே இருக்கிறது. நீங்கள் 38 அல்ல. 34.

நான் திருப்பூரில் உள்ளாடை தைக்கும் ஒரு கம்பெனியில் பதினொரு வருடம் பேட்டர்ன் வெட்டியவள். இப்போது பெண்கள் மட்டும் வந்து போகும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். கடைக்கு முதல்முறை வருகிறவர்களிடம் "என்ன அளவு போடுகிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சொல்வது ஜாக்கெட் அளவைத்தான். உங்கள் கதையும் அதேதான். நம் ஊரில் பெண்கள் முதலில் தெரிந்துகொள்ளும் உடலளவு தையல்காரர் டேப்பில் வரும் அளவு. அதையே பிராவுக்கும் சொல்லிப் பழகிவிட்டோம். யாரும் நம்மைத் திருத்தவில்லை.

ஜாக்கெட்டில் 37 என்பது மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றி எடுத்த அளவு. பிராவில் எண் அதைச் சொல்வதே இல்லை. மார்பு முடியும் இடத்துக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி ஓடும் பட்டிக்கான எண் அது. மார்பின் பருமனைச் சொல்வது பக்கத்தில் இருக்கும் ஏ, பி, சி, டி என்ற எழுத்து. எண் உடம்புக்கு, எழுத்து மார்புக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் அளவு.

அந்த எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. 34 என்று போட்ட பிராவை இழுக்காமல் மேசையில் விரித்து அளந்து பாருங்கள். 34 அங்குலம் வராது, 27, 28 தான் வரும். இழுத்து மாட்டும்போது சுமார் 75 செ.மீ. சுற்றளவுள்ள உடம்பில் கச்சிதமாக உட்கார வேண்டும் என்று கணக்கு வைத்து வெட்டியது அது. நிறையப் பேர் "அடியில் 30 அங்குலம் வருகிறது, அப்படியானால் நான் 30" என்று எடுத்துப்போய் மூச்சு முட்டித் திரும்பி வருவார்கள். அதனால் அங்குலக் கணக்கை விட்டுவிட்டு இஞ்ச் டேப்பின் மறுபக்கத்தில் இருக்கும் சென்டிமீட்டரைப் பாருங்கள் என்பேன். பல கம்பெனி அட்டைகளில் 34பி என்பதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 75பி என்றும் இருக்கும். அது ஐரோப்பிய அளவு. அதில் இருக்கும் எண் நேராக உங்கள் விலாச் சுற்றளவுதான். 32 என்றால் 70, 34 என்றால் 75, 36 என்றால் 80, 38 என்றால் 85.

இப்போது உங்கள் 38ஐப் பாருங்கள். அது 85 செ.மீ. உடம்புக்குத் தைத்த பட்டி. உங்கள் உடம்பு 75. பத்து சென்டிமீட்டர் தொளதொளப்பு. பட்டிக்கும் முதுகுக்கும் நடுவில் இவ்வளவு இடம் இருந்தால் அது ஏறாமல் என்ன செய்யும்?

அடுத்து எழுத்து. மார்புச் சுற்றளவிலிருந்து கீழ்ச் சுற்றளவைக் கழிக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் வித்தியாசம் 12 முதல் 14 செ.மீ. என்றால் ஏ, 14 முதல் 16 என்றால் பி, 16 முதல் 18 என்றால் சி, 18 முதல் 20 என்றால் டி. உங்களுக்கு 94இல் 75 போனால் 19. ஆக, நீங்கள் 34டி.

டி என்றதும் பதற வேண்டாம். என் கடையிலும் இந்த இடத்தில் பலர் முகம் மாறும். "ஐயோ, எனக்கு அவ்வளவு பெரிசா?" என்று மெல்லக் கேட்பார்கள். எழுத்து தனியாக நின்று எதையும் சொல்லாது. 32டியும் 38டியும் ஒரே அளவுக் கப் அல்ல. 32இல் டி சின்னது, 38இல் டி பெரியது. பட்டியில் ஓர் அளவு குறைந்தால், அதே கொள்ளளவுக்கு எழுத்து ஒன்று ஏறும். 38பி, 36சி, 34டி மூன்றிலும் கப் கொள்ளும் அளவு ஏறக்குறைய ஒன்றே. முன்பக்கம் சரியாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் இதுதான். இத்தனை வருடமும் உங்களுக்குச் சரியான கப்பைத்தான் போட்டிருக்கிறீர்கள், பட்டிதான் வேறொருவருடையது. அதனால்தான் தவறு எங்கே என்று உங்களுக்குப் பிடிபடவில்லை. அம்மாவிடம் கேட்ட மாதிரி வெறுமனே சின்ன அளவுக்குப் போய் 36பி வாங்கியிருந்தால் கப் போதாமல் மேலே பிதுங்கியிருக்கும். "எனக்கு 38 தான் சரி" என்று திரும்பிப் போயிருப்பீர்கள். எண்ணைக் குறைத்தால் எழுத்தை ஏற்ற வேண்டும் என்பதைக் கடைக்காரர்களே சொல்வதில்லை. பல கடைகளில் பி கப் தவிர வேறு வாங்கியே வைப்பதில்லை.

உங்கள் தோள் வலிக்கு வருகிறேன். மார்பகத்துக்குள் அதைத் தூக்கி நிறுத்தும் தசை கிடையாது. கொழுப்பும் பால்சுரப்பியும்தான், தோலும் உள்ளே ஓடும் மெல்லிய நார்களும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த எடையில் பெரும்பகுதியைப் பட்டி தாங்க வேண்டும், ஸ்ட்ராப் கொஞ்சம் கைகொடுத்தால் போதும். பட்டி தளர்ந்தால் எடை முழுவதும் இரண்டு விரல் அகலம்கூட இல்லாத நாடாவில் தொங்கும். அப்புறம் கிணற்று ஏற்றம் மாதிரிதான். முன்னால் தாழ்ந்தால் பின்னால் உயரும். பின்னால் ஏறினால் ஸ்ட்ராப் தளர்ந்து நழுவும், நழுவினால் நீங்கள் இறுக்குவீர்கள், இறுக்க இறுக்க அது பட்டியை இன்னும் மேலே இழுக்கும், தோளில் இன்னும் ஆழமாக அழுத்தும். இந்தச் சுற்றில்தான் பல வருடமாக மாட்டியிருக்கிறீர்கள். சரியான பட்டி போட்டும் ஒரு மாதத்தில் கழுத்து வலி குறையவில்லை என்றாலோ, கையில் மரத்துப்போகும் உணர்வு இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எல்லா வலிக்கும் பிராவையே காரணம் சொல்ல முடியாது.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், உட்கார வைத்து நிதானமாகச் சொல்லுங்கள். பிரா போடுவதாலோ, பட்டி பிடிப்பாக இருப்பதாலோ மார்பகப் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதையே கேட்டு ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். எத்தனை மணி நேரம் போட்டார்கள், கம்பி வைத்ததா, எந்த வயதில் தொடங்கினார்கள் என்று எதைப் பார்த்தாலும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் ஓரிடத்தில் குழிந்தாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலோ, ரத்தம் கலந்த நீர் வந்தாலோ அது பிராவின் வேலை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். பேடு வைத்த பிரா போட்டுக்கொண்டு அளந்திருந்தால் 94 என்பது பொய்யாக இருக்கும். மெல்லிய, பழைய காட்டன் பிரா ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கீழ் அளவுக்கு டேப் முதுகிலும் முன்னாலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகில்தான் நமக்குத் தெரியாமல் ஏறிவிடும், மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விட்டு, உடம்போடு ஒட்டப் பிடித்து அளக்க வேண்டும். மேல் அளவுக்கு டேப்பை இறுக்காமல் எடுப்பான இடத்தில் வையுங்கள். பிள்ளை பெற்றுப் பாலூட்டியவர்களுக்கு மார்பு சற்றுத் தாழ்ந்திருக்கும். நின்று எடுத்தால் அளவு குறைவாகவே வரும். முதுகு தரைக்கு இணையாக வரும்படி குனிந்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வரும் எண்ணை வைத்துக்கொள்ளலாம். மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் மார்பு கனத்து இருக்கும், அப்போது வேண்டாம்.

அளவு கையில் வந்தாலும் ஒரே ஒரு பிராவை எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. அங்குலத்தில் கழித்துப் பார்க்கும் கம்பெனிகளின் அட்டவணையில் நீங்கள் 34சி என்று வருவீர்கள். ஒரு எழுத்து முன்னே பின்னே இருப்பது சாதாரணம். துணியும் முக்கியம். எலாஸ்டேன் கலந்து இழுபடும் பட்டி என்றால் 34டி. முதுகில் ஒரு துண்டு எலாஸ்டிக் மட்டும் வைத்து, மற்றதெல்லாம் இழுபடாத காட்டனில் தைத்த பழைய மாடல் என்றால் 36சி வசதியாக இருக்கலாம். அந்தத் துணி முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். ஆகவே 34டி, 34சி, 36சி மூன்றையும் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

போட்டுப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. புது பிராவைக் கடைசி ஹூக்கில், அதாவது மிகத் தளர்வான ஹூக்கில் மாட்டிப் பாருங்கள். அதிலேயே கச்சிதமாக இருக்க வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும், அப்போது உள்ளே தள்ளி மாட்டத்தான் மற்ற ஹூக்குகள். மாட்டியதும் சற்றே முன்னால் குனிந்து, வலது கையால் இடது அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையை மெல்லக் கப்புக்குள் கொண்டுவாருங்கள். பிறகு மறுபக்கம். இதைச் செய்யாமல் "கப் காலியாக இருக்கிறது" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். அக்குள் பக்கம் பிதுங்குவது அக்குள் கொழுப்பு என்று நினைத்திருப்பார்கள், பல நேரம் அது கப்புக்குள் போக வேண்டிய மார்பகம்தான்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார், ஐம்பது வயதிருக்கும். 40 போட்டிருந்தார், அளந்தால் 36. புதியதை மாட்டிவிட்டு வெளியே வரவே இல்லை. கதவுக்கு வெளியே நின்று, "கொடியில் துணி போடுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பட்டி நின்ன இடத்துலயே நிக்குதும்மா" என்றார், அழுகிற குரலில். எத்தனை வருடம் கையைத் தூக்கும்போதெல்லாம் இன்னொரு கையால் பிராவை இழுத்து விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் போர்டில் எழுதுவதுபோல் கையைத் தூக்குங்கள். நாற்காலியில் உட்காருங்கள், உட்கார்ந்தால் விலா விரியும், அப்போதும் மூச்சு இயல்பாக வர வேண்டும். பட்டிக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், உள்ளங்கை நுழையக் கூடாது. கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால் பட்டி தரைக்கு நேராக ஓட வேண்டும். கப் விளிம்பில் சதை பிதுங்கினால் எழுத்தை ஏற்றுங்கள், துணி சுருங்கினால் இறக்குங்கள். ஒரு மார்பு மற்றதைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பது பெரும்பாலானவர்களுக்கு உள்ளதுதான், பெரியதற்குப் பொருந்தும் கப்பையே எடுங்கள். கம்பி வைத்தது வாங்கினால் கம்பி விலாவில் உட்கார வேண்டும், சதையை அழுத்தக் கூடாது. கம்பி கட்டாயம் என்றெல்லாம் இல்லை. உங்களுக்கு நல்ல பட்டியும் அகல ஸ்ட்ராப்பும் இருந்தாலே போதும்.

முதல் இரண்டு நாள் பிடிப்பாகத்தான் தெரியும். பத்து சென்டிமீட்டர் தளர்வில் பழகிய உடம்பு அப்படித்தான் சொல்லும். எரிச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது வேறு, அப்போது அளவை மாற்றுங்கள். கொஞ்சம்தான் இறுக்கம் என்றால் எக்ஸ்டெண்டர் என்று ஹூக் துண்டு ஒன்று கிடைக்கும், அதைச் சேர்த்து மாட்டிக்கொண்டு பிறகு கழற்றிவிடலாம்.

ஊர்க் கடைக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆண் ஊழியர் முன்னால் நின்று அளவைச் சொல்லக் கூச்சப்பட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்த காலம் எனக்கும் உண்டு. பக்கத்து நகரத்துக்குப் போகும்போது, பெண்கள் பிரிவும் டிரையல் ரூமும் உள்ள கடையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருமுறை அளவு உறுதியானால் போதும், அடுத்த முறை பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை நீட்டி உங்கள் ஊரிலேயே வாங்கலாம். அதற்கும் வழியில்லை என்றால், மாற்றித் தருவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுவிட்டு ஒன்று மட்டும் வாங்குங்கள். பல கடைகளில் உள்ளாடையைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஒத்துக்கொண்டால், வீட்டில் மெல்லிய பனியன் மேல், அட்டையைக் கிழிக்காமல் போட்டுப் பார்க்கலாம்.

மார்புக்கு அடியில் வரும் புண். தளர்ந்த பட்டி மார்பைத் தூக்கிப் பிடிக்காததால் தோலோடு தோல் ஒட்டி, வேர்வை காயாமல் வருவது அது. அந்த ஈரத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். சரியான அளவு பாதி வேலையைச் செய்துவிடும். குளித்ததும் அந்த மடிப்பை ஒற்றித் துடைத்து முழுக்கக் காயவிட்டுப் போடுங்கள். பள்ளி விட்டு வந்ததும் மாற்றிவிடுங்கள். மருந்துக்கடையில் "அரிப்புக்கு" என்று கேட்டு வாங்கும் க்ரீம் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்தவை நிறைய இருக்கின்றன, முதலில் அடங்கின மாதிரி காட்டி பூஞ்சையைப் பரவவிடும். பத்து நாளில் ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று கேட்கிறேன். பிராவை எங்கே காயப்போடுகிறீர்கள்? பாத்ரூம் கம்பியிலா, கொடியில் துண்டுக்கு அடியிலா? நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஈரத்துணிக்கு அடியில் ஒளித்துவைத்தால் அது காய்வதே இல்லை, அரை ஈரத்தோடு மறுநாள் உடம்பில் ஏறுகிறது. நல்ல காற்றில், நிழலில், பட்டியைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் ஈர எடைக்கு அது நீண்டுவிடும். முறுக்கிப் பிழிய வேண்டாம், வெந்நீர் வேண்டாம். குறைந்தது மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒருநாள் ஓய்வு கிடைத்தால் எலாஸ்டிக் நீண்ட நாள் வரும். மிக இறுக்கமான ஹூக்கில் மாட்டியும் பட்டி ஏறத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

மகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் இப்போது வேண்டாம். அவளுக்கு மார்பு வளர ஆரம்பித்திருந்தால், ஒரு பக்கம் முதலில் தெரிவதும் தொட்டால் வலிப்பதும் இயல்பு என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், தனியாகப் பயந்துகொண்டிருப்பாள். ஹூக்கும் கம்பியும் இல்லாத, தலை வழியாகப் போடும் மெல்லிய காட்டன் பிகினர்ஸ் பிரா இரண்டு மூன்று போதும். ஓடி விளையாடுகிறவள் என்றால் ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா சேர்த்து வாங்குங்கள். "வளர்கிற பிள்ளை" என்று பெரிதாக எடுக்காதீர்கள், சில மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். நிறத்தை அவள் தேர்ந்தெடுக்கட்டும். உங்களை அளக்க அவள் உதவும்போதே எண்ணும் எழுத்தும் எதற்கு என்று சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கடைசியாக உங்கள் தையல்காரர். புது பிரா போட்டதும் மார்பு முன்பைவிட உயரத்தில் நிற்கும். பழைய ஜாக்கெட்டுகளில் டாட்ஸ் முனை கீழே நின்று துணி மடங்கினால், பிராவில் குறை என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். அடுத்த ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்ப வேண்டாம். புதிய பிராவைப் போட்டுக்கொண்டு நேரில் போய், தோளிலிருந்து டாட்ஸ் முனை வரைக்கும் உள்ள உயரத்தைப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். சுற்றளவு 37 என்றே வரலாம், உயரம் மாறியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் அக்கா